கொட்டகைக் கூரை வேலையில் விழுந்து அடிபடாதிருக்கும் வழிகள்

ஆடி மாதம் பிறந்து விதைப்பு வேலைகள் தொடங்கியதும், முன்யோசனையுள்ள குடியானவர் தம் வயலைப் பார்ப்பதுடன் தம் கூரையையும் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை கொட்டத் தொடங்கிவிட்டால், மாட்டுக் கொட்டகை, வைக்கோல் கொட்டகை, கோழிக் கொட்டகை, விதை நெல் வைத்திருக்கும் அறை ஆகியவற்றில் எங்கே ஒழுக்கு உண்டோ அங்கே நஷ்டமும் உண்டு. ஆகவே ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகிய மூன்று மாதங்களிலும் கிராமங்களில் கூரை வேலை மும்முரமாக நடைபெறுகிறது. ஆட்கள் கூரையிலிருந்து விழுந்து கை கால் ஒடிவதும், சில வேளைகளில் உயிரையே இழப்பதும் பெரும்பாலும் இம்மாதங்களில்தான்.

விதையையும் எருவையும் பற்றி எழுதவேண்டிய இப்பத்திரிகையில் கூரையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு போகம் பொய்த்தால் மறு போகத்தில் ஈடுசெய்து கொள்ளலாம். குடும்பத்தில் உழைக்கிறவர் முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டால் அதை எந்தப் போகமும் ஈடுசெய்யாது. மேலும், இவ்விஷயத்தில் எனக்கு ஒரு கடனும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கொட்டகையில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்து வந்த பிர்க்காவில் ஒரு குடியானவர் தம் மாட்டுக் கொட்டகைக்கு வருஷந்தோறும் கீற்று மாற்றும் செலவைப் பற்றிக் குறைப்பட்டுக் கொண்டார். தீப்பிடிக்கும் பயமும் அவருக்கு இருந்தது. கீற்றை எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தகடு போடும்படி நான் யோசனை கூறினேன். எத்தனை தகடு வேண்டும், எத்தனை சட்டம் வேண்டும், எத்தனை கொக்கியாணி வேண்டும் என்று கணக்குப் போட்டும் கொடுத்தேன். கொட்டகை நன்றாக அமைந்தது. வேறு சில குடியானவர்களையும் அழைத்துச் சென்று அதைக் காட்டினேன்.

நான்காம் வருஷம் ஆவணி மாதத்தில் ஓர் ஆணித் துவாரத்தின் வழியே ஒழுக்குக் கண்டது. இருபது வருஷங்களுக்கு மேலாக அந்த வீட்டுக்குக் கீற்று வேய்ந்து வந்த பெரியவரையே குடியானவர் கூப்பிட்டனுப்பினார். கூரை வேலையில் அவ்வூரில் அவருக்கு நிகரானவர் இல்லை. அவர் ஏணி வைத்து ஏறி, வழக்கம்போல் வெறுங்காலுடன் முகட்டை நோக்கி நடந்தார். ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ வைக்கையில் தகடு உடைந்தது. பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து அவர் கீழே இருந்த கல் தொட்டியின் விளிம்பில் விழுந்தார். பதறிப்போனவர்கள் அவரைக் கையும் காலுமாகத் தூக்கி, மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி திரும்பவில்லை. எலும்பு விழுந்தபோது முறிந்ததா, தூக்கியபோது நழுவி நரம்பை நசுக்கியதா என்று வைத்தியர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு நான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் யாரையும் நோகவில்லை. "சீட்டுப் போடச் சொன்னபோது, அது ஆளைத் தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அன்று சொல்லாததன் பொருட்டே இன்று இத்தனை வார்த்தைகள் எழுதுகிறேன்.

கீற்றில் கற்றது தகட்டில் உதவாது

அத்தனை அனுபவமுள்ளவர் விழுந்தது எப்படி? அவருடைய அனுபவமே அவரை ஏமாற்றியது என்பதுதான் இதற்கு விடை. கூரை என்ற பெயர் ஒன்றாயிருந்தாலும், ஆளைத் தாங்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று வேறானவை மூன்று வகைகள் உண்டு.

முதலாவது, கீற்று, பனையோலை, விழல், கரும்புச் சோகை முதலியவற்றால் வேய்ந்த கூரை. இதில் கைமரங்களின் மேல் மூங்கில் வரிச்சுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். எங்கே கால் வைத்தாலும் காலுக்கடியில் ஒரு வரிச்சு அகப்படும். வரிச்சு ஒடிவதற்கு முன் வளையும், சத்தமிடும். ஒன்று ஒடிந்தாலும் அடுத்தது தாங்கும். கீற்று வேய்பவர் தம் உள்ளங்காலாலேயே கூரையின் பலத்தை அறிந்து கொள்ளுகிறார்.

இரண்டாவது, ஓட்டுக் கூரை. நாட்டு ஓடு நெடுங்காலமாக உள்ளது. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டை 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கினர். இதற்குச் சுமார் ஓரடிக்கு ஒன்றாக ரீப்பர்ச் சட்டம் அடிக்கப்படுகிறது. ஓடு உடைந்தாலும் கால் ரீப்பரில் சிக்கிக்கொள்ள இடமுண்டு. ரீப்பர் செல்லரித்திருந்தால் மட்டும் அந்த நம்பிக்கை வீண்.

மூன்றாவது, கல்நார் சிமெண்டுத் தகடு, அதாவது ஜனங்கள் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு என்று சொல்வது. 1900-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரியா தேசத்தில் லுட்விக் ஹாட்செக் என்பவர் இதைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். மழைக்கும் தீக்கும் ஈடுகொடுப்பதாலும், செலவு சுருக்கமானதாலும் நமது கிராமங்களில் மாட்டுக் கொட்டகைகளுக்கும், நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்கும் இது பரவியது. இதன் கனம் சுமார் 6 மில்லிமீட்டர். அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களோ ஒன்றுக்கொன்று நான்கடிக்கு மேலும் எட்டியிருப்பதுண்டு. அந்த நான்கடி இடைவெளியில் காலுக்கடியில் தகட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. தகடு வளையாது, முனகாது, முன்கூட்டி எச்சரிக்காது. ஓர் இமைப்பொழுதில் இரண்டாகப் பிளந்து வழிவிடும். விழுகிறவர் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளவும் அருகில் வரிச்சு ஏதும் இராது.

ஆகவே குடியானவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே. தகடு மழையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டது. மனிதனைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதன்று. புதுத் தகடாயினும் பழந்தகடாயினும் இது பொருந்தும்.

தகட்டைப் பற்றிய தவறான எண்ணங்கள்

"ஆணி வரிசையின் மேல் நடந்தால் விழ மாட்டோம், அடியில் சட்டம் இருக்கிறதல்லவா?" என்று அநேகர் சொல்லுகிறார்கள். சட்டத்தின் அகலம் இரண்டு அல்லது மூன்று அங்குலமே. கையில் பாரத்தைச் சுமந்துகொண்டு, சரிவான தகட்டில், கழைக்கூத்தாடியைப் போல் அந்த இரண்டங்குலத்தின் மேலேயே அடி பிசகாமல் நடக்க யாரால் முடியும்? ஒரு காற்றடித்தால், ஒரு குளவி பறந்தால், ஒருவர் கீழிருந்து கூப்பிட்டால் கால் ஒரு சாண் விலகும். அதுவே போதும். ஆணியடித்த துவாரத்தைச் சுற்றித் தகடு விரிசல் விட்டிருப்பதும் உண்டு.

"போன வருஷம் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது மற்றோர் எண்ணம். வெயிலிலும் மழையிலும் கிடந்து தகடு வருஷத்துக்கு வருஷம் நொய்ந்து போகிறது. பாசியும் தூசியும் படிந்து அதன் விரிசல்களை மறைத்து விடுகின்றன. சென்ற வருஷம் தாங்கியது என்பது இவ்வருஷம் தாங்கும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு இன்னும் ஆபத்தானது. சில வருஷ வெயிலில் அது உளுத்துப்போகிறது. மேலே தூசி படிந்தபின் மற்றத் தகடுகளிலிருந்து அதைப் பிரித்தறிவதும் கடினம். கொட்டகைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும் இடங்கள் புலப்படும். ஏறுமுன் அவ்விடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்நார்த் தகட்டில் விழும் அபாயமன்றி வேறொரு கெடுதலும் உண்டு. அதை வாளால் அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி கிளம்பி மூச்சுடன் உள்ளே சென்று, பல வருஷங்களுக்குப் பிறகு நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. இதன் காரணமாகப் பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டில் இதன் உபயோகம் தடுக்கப்பட்டது. பழைய தகடுகளை எடுக்க நேர்ந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளை வீட்டு முற்றத்திலோ களத்திலோ போட்டு மிதிபடச் செய்யலாகாது.

விழுதலின் வேகம்

பன்னிரண்டு அடி என்பது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் பன்னிரண்டு அடியிலிருந்து விழுகிற ஒருவர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் தரையை அடைகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் வண்டியிலிருந்து கல் தொட்டியின்மேல் எறியப்படுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சுதாரித்துக்கொள்ள நேரம் கிடையாது. திறமையுள்ளவருக்கும் திறமையற்றவருக்கும் அந்த ஒரு விநாடி ஒன்றே.

இயந்திர வசதிகள் மிகுந்த தேசங்களிலும் இது பிரதானமான அபாயமாகவே இருந்து வருகிறது. பிரிட்டனில் 2023-24-ஆம் ஆண்டில் வேலை செய்யுமிடத்து விபத்துக்களில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் எல்லாத் தொழில்களையும் சேர்த்து லட்சம் தொழிலாளருக்கு 3.7 பேர் வேலையில் அடிபட்டு இறந்தனர். கூரை வேலைக்காரரில் மட்டும் லட்சத்துக்கு 57.5 பேர். அத்தேசத்தில் கட்டிட வேலையில் 6 அடிக்கு மேற்பட்ட உயரமானாலே விழாமலிருக்கத் தடுப்பு ஏற்பாடு செய்ய வேண்டுமென்று விதி இருக்கிறது. நமது மாட்டுக் கொட்டகையின் இறவாணமே பெரும்பாலும் ஆறடிக்கு மேற்பட்டது என்பதைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏறுமுன் செய்ய வேண்டியவை

முதற்கேள்வி, ஏறத்தான் வேண்டுமா என்பது. சீமை ஓட்டுக் கூரையில் உடைந்த ஒன்றிரண்டு ஓடுகளைக் கொட்டகைக்குள் சாரம் கட்டி நின்றுகொண்டு, உள்ளிருந்தே தள்ளி எடுத்து மாற்றிவிடலாம். தகட்டின் சிறு ஒழுக்குகளையும் பல சமயங்களில் இவ்வாறே உள்ளிருந்து அடைக்கக்கூடும். கூரைமேல் படர்ந்த சுரைக்கொடியிலிருந்து காய் பறிக்க, பிள்ளைகள் எறிந்த பந்தை எடுக்க, சருகைத் தள்ள என்று ஏறுவதை அறவே விட்டுவிட வேண்டும். துறட்டிக் கழி எட்டாத சுரைக்காய் அங்கேயே முற்றி விதைக்கு ஆகட்டும்.

ஏறியே தீரவேண்டுமானால், முதலில் கொட்டகையினுள் சென்று சட்டங்களையும் கைமரங்களையும் பார்க்க வேண்டும். செல்லரித்த இடம், மழைநீர் இறங்கி உளுத்த இடம், துருப்பிடித்த ஆணி ஆகியவற்றைச் சுண்ணாம்பால் குறியிட வேண்டும். மாடுகளை வெளியே கட்டி, ஏர், கடப்பாரை, மண்வெட்டி, தொட்டி முதலியவற்றை வேலை நடக்கும் இடத்துக்கு அடியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அவ்விடத்தில் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி வைப்பது நல்லது. ஆனால் வைக்கோலை நம்பி மற்ற ஏற்பாடுகளைக் கைவிடலாகாது.

குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழங்கீற்றினுள் தேளும் பாம்பும் தங்குவது சகஜம். எதிர்பாராமல் கண்டு துள்ளுவதாலேயே விழுந்தவர்கள் உண்டு. கூரைக்கருகே மின்சாரக் கம்பி சென்றால், மின்சார இலாகாவினரிடம் சொல்லி மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்க வேண்டும். ஈர மூங்கிலும் இரும்பு ஏணியும் கம்பியில் பட்டால் பிழைப்பது அரிது.

ஏணியைப் பொறுத்தவரை, அது எட்டும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அடிப்பாகம் சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். இறவாணம் பன்னிரண்டு அடியானால் ஏணியின் கால் மூன்றடி தள்ளி நிற்கலாம். இதற்குக் குறைந்தால் ஏணி பின்னுக்குச் சாயும். கூடினால் கால் வழுக்கும். ஏணியின் தலை இறவாணத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருந்தால்தான் இறங்கும்போது கைக்குப் பிடி கிடைக்கும். தலைப்பைக் கயிற்றால் கட்டி, கட்டி முடியும்வரை ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படிகளில் ஒன்று ஆடினாலும் அந்த ஏணியை விறகுக்குப் போட்டுவிடுவதே லாபம்.

கூரைப் பலகை செய்யும் முறை

தகட்டின்மேல் வேலை செய்யக் கூரைப் பலகை இன்றியமையாதது. ஆளின் பாரம் முழுவதும் ஒரு பாதமளவு இடத்தில் அழுந்தாமல், பல சட்டங்களின்மேல் பரவும்படி செய்வதே இதன் தத்துவம். இதை உள்ளூர்த் தச்சரே செய்து கொடுக்கலாம்.

முடிச்சும் வெடிப்பும் இல்லாத, ஓரங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள பலகைகளை அடுத்தடுத்து வைத்து, மொத்தத்தில் இரண்டடி அகலம் வரும்படி இணைக்க வேண்டும். நீளம் குறைந்தது மூன்று குறுக்குச் சட்டங்களின்மேல் அமரும்படியாக, அதாவது பத்து அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மேற்பக்கத்தில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே மெல்லிய சட்டங்களை அடித்தால் கால் வழுக்காது. தலைப்பில் இரண்டு துவாரமிட்டுத் தடித்த கயிறு கோத்து, அக்கயிற்றை முகட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மறுபக்கத்தில் உறுதியான கம்பத்திலோ மரத்திலோ கட்டிவிட வேண்டும். கட்டாத பலகை சறுக்கு வண்டிக்குச் சமானம்.

இப்படிப்பட்ட பலகைகள் இரண்டு வேண்டும். ஒன்றின்மேல் நின்றுகொண்டு மற்றொன்றை நகர்த்தி, அதன்மேல் சென்றபின் முதலாவதை நகர்த்த வேண்டும். ஒரே பலகையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர், அதை நகர்த்தும்போது தகட்டின்மேல்தான் நிற்கிறார். அநேக விபத்துக்கள் அந்த ஒரு நிமிஷத்தில் நேரிடுகின்றன. தகடுகளையும் ஆயுதங்களையும் பலகையின்மேல் குவித்து வைக்காமல், வேண்டும்போது கயிறு கட்டி மேலேற்றிக் கொள்ள வேண்டும்.

கயிறும் கச்சையும்

பலகையுடன்கூட, விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் கச்சையும் அணிவது உத்தமம். இடுப்பில் வெறும் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வது சரியன்று. விழுகிற வேகத்தில் அந்தக் கயிறே வயிற்றை நசுக்கி உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடக்கூடும். தோள், மார்பு, தொடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அணைக்கும் முழு உடற்கச்சை இக்காலத்தில் பட்டணத்துக் கடைகளில் கிடைக்கிறது.

கச்சையின் கயிற்றை ரீப்பரிலோ வரிச்சிலோ கட்டினால் பயனில்லை. பருத்த கைமரத்திலோ, முகட்டுக்கு அப்பாலுள்ள உயிர்மரத்தின் அடியிலோ கட்ட வேண்டும். கயிறு தொய்வில்லாமல் குட்டையாக இருக்கட்டும். பன்னிரண்டு அடிக் கொட்டகையில் பதினைந்தடிக் கயிறு தொங்கவிட்டுக் கொண்டவரைத் தரைதான் தாங்கும். கச்சையில் தொங்குகிறவரை நெடுநேரம் அப்படியே விட்டுவிடலாகாது. உடனே இறக்க ஏணியும் ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

காலமும் ஆளும்

மழைத்தூறலிலும், பனி உலராத காலையிலும், பாசி படிந்த கூரையிலும் வேலை செய்யக்கூடாது. காற்று பலமாக அடிக்கும்போது தகட்டைத் தூக்கினால் அது பாய்மரம்போல் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். உச்சி வெயிலில் தகரமும் தகடும் கொதிக்கும். கண் இருட்டித் தலை சுற்றும். காலை ஏழு மணிக்கு மேல் பதினொரு மணிக்குள்ளும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் வேலை செய்வது நலம். வெறும் வயிற்றுடனோ குடித்துவிட்டோ வந்தவரை ஏற விடலாகாது. மயக்கமும் வலிப்பும் உள்ளவர்களையும், சிறுவர்களையும் கூரை வேலைக்கு அழைப்பதே தவறு. உடல் இலேசானது, ஆகையால் தகடு உடையாது என்று பையன்களை ஏற்றுவது மிகக் கொடிய வழக்கம்.

அவசரமும் ஒரு சத்துருவாகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயலில் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் எண்ணற்ற தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அத்தகைய புயலுக்கு மறுநாள், அடுத்த மழைக்குள் மூடிவிட வேண்டுமென்று எல்லாரும் நனைந்த கூரையின்மேல் ஏறுவது இயல்பே. ஆனால் புயலில் ஆட்டங்கண்ட சட்டமும் விரிசல் கண்ட தகடும் அன்றுதான் மிகவும் நம்பத்தகாதவை. அன்றைக்குக் கீழேயுள்ள தானியத்தையும் கால்நடைகளையும் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டு, கூரை வேலையை ஒரு நாள் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

விழுந்தவரை எவ்வாறு கவனிப்பது

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் விழுந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் செய்வதையும் செய்யாதிருப்பதையும் பொறுத்தே பல சமயங்களில் அவருடைய பிற்கால வாழ்வு அமைகிறது.

உடனே 108 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை, வேறு ஆபத்து இல்லாவிட்டால், அவரை விழுந்த இடத்திலேயே அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். தூக்கி உட்கார வைப்பதும், நிற்கச் சொல்லிப் பார்ப்பதும், கை கால்களை இழுத்து நீவுவதும் கூடாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், சோடா, காப்பி எதுவும் கொடுக்கலாகாது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இடம் மாற்றியே தீரவேண்டுமானால், நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவை ஒரே கோட்டில் இருக்கும்படி ஒருமிக்க அவரைப் புரட்டி, அடியில் ஒரு பலகையையோ கதவையோ நுழைத்து அதன்மேல் கிடத்த வேண்டும். மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோவது, முறிந்த எலும்பைக் கொண்டு தண்டுவட நரம்பை அறுப்பதற்கு ஒப்பாகும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் நம்பி விட்டுவிடக்கூடாது. வாந்தி, தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஒரு நாளாவது அருகில் ஆள் இருந்து கவனிக்க வேண்டும்.

நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு

கூரை வேலையை மொத்தமாகக் கூலி பேசி விட்டுவிட்டால், விழுவதும் விழாததும் வேலைக்காரர் பாடு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு வேலை கொடுத்தவர் ஈடுசெய்ய வேண்டுமென்னும் கொள்கை நமது தேசத்தில் 1923-ஆம் ஆண்டிலேயே சட்டமாக ஏற்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் மாடு நனையாமலிருக்க ஏறியவரை நாம் நனைய விடலாமா? மொத்தக் கூலி பேசும்போது பலகைக்கும் கயிற்றுக்கும் அவற்றை நகர்த்தும் நேரத்துக்கும் சேர்த்தே பேச வேண்டும். இல்லையேல் அவசரமே கூலியாகிறது. கூரை வேலை செய்பவர்களை 1994-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளும்படி தூண்டுவதும் நம் கடமை.

ஒவ்வொரு குடியானவரும் தனித்தனியே பலகை செய்து வைத்திருப்பது சாத்தியமில்லை. ஆனால் மருந்து தெளிக்கும் கருவியைக் கூட்டாக வாங்கி முறைப்படி உபயோகிப்பதுபோல், கிராமத்துக்கு இரண்டு கூரைப் பலகை, ஒரு நல்ல ஏணி, ஒரு முழுக் கச்சை ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சாவடியிலோ வைத்துக்கொள்வது சுலபமே. புதிதாகத் தகடு போடுகிறவர்கள், தகட்டுக்கு அடியில் சட்டங்களின்மேல் உறுதியான கம்பி வலையை விரித்துவிட்டால், பின்னாளில் தகடு உடைந்தாலும் ஆள் தரைக்குப் போகமாட்டார். ஏணி வைக்கும் பக்கத்தில் "இக்கூரை ஆளைத் தாங்காது" என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஒரு கரண்டிச் சாயம் போதும்.

சுருக்கம்

1. உள்ளிருந்து செய்யக்கூடிய வேலைக்குக் கூரைமேல் ஏறாதீர்கள்.
2. தகட்டின்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். ஆணி வரிசையையும் நம்பாதீர்கள்.
3. கட்டிய பலகை இரண்டு இல்லாமல் வேலை தொடங்காதீர்கள்.
4. ஏணியை நான்கில் ஒரு பங்கு தள்ளி நிறுத்தித் தலைப்பைக் கட்டுங்கள்.
5. ஈரத்திலும் காற்றிலும் ஏறாதீர்கள், சிறுவரை ஏற்றாதீர்கள்.
6. விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் வைத்து 108-க்குச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன பெரியவர் இப்போது தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேங்காய் நாரில் கயிறு திரித்து வருகிறார். அவ்வூர்ச் சாவடியிலுள்ள இரண்டு கூரைப் பலகைகளுக்கும் அவர் திரித்த கயிறே கட்டப்பட்டிருக்கிறது. பலகையை எடுக்க வருகிறவர்களிடம், எந்தக் கம்பத்தில் கட்டப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் அதைக் கொடுக்கச் சொல்லுகிறார். தகடு போடுவதற்குக் கணக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு நானும் இப்பொழுது தகடு, சட்டம், ஆணி என்று எழுதியபின், நான்காவது வரியாகப் பலகை இரண்டு என்று எழுதிக் கொடுக்கிறேன்.